மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு

திருநெல்வேலியிலிருந்து புறப்படும் சாளுக்கியா எக்ஸ்பிரஸ் தாதரில் வந்து நின்றது. கருப்பட்டிச் சிப்பம், அரிசிப் பை, முருங்கைக்காய்க் கட்டு எல்லாம் பிளாட்பாரத்தில் இறங்கின. எங்கள் ஊர்ப்பக்கத்தில் சின்ன வயதில் நான் கேட்ட பேச்சில் பம்பாய் என்றால் இரண்டே இரண்டு விலாசம். அக்ரஹாரத்துப் பிள்ளைகள் டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் பாஸ் செய்துவிட்டுப் போய்ச் சேருகிற இடம் மாட்டுங்கா. தெற்குத் தெருக்காரர்கள் தோல் வேலைக்கும் கூலி வேலைக்கும் போய்ச் சேருகிற இடம் தாராவி. யார் எங்கே என்பதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் போயும் ஊரின் தெருப்பிரிவு அப்படியே போய் உட்கார்ந்தது எப்படி என்ற கேள்வி எனக்கு வெகுகாலமாக இருந்தது. தாதரில் இறங்கி, மாட்டுங்கா வழியாகத் தாராவிவரை நடந்தே போய்ப் பார்த்துவிடுவது என்றுதான் இந்தப் பயணம்.

ஸ்டேஷனின் கிழக்கு வாசலில் வெளியே வந்தால் தாதர் டி.டி. டிராம் டெர்மினஸ் என்பதன் சுருக்கம் அது. 1964இல் பம்பாயின் கடைசி டிராம் இங்கேதான் வந்து நின்றது. டிராம் போய்விட்டது, கண்டக்டர்கள் இன்றும் டி.டி., டி.டி. என்றுதான் கூவுகிறார்கள். இன்று நெருக்கித் தள்ளுகிற இந்த இடம் 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை நகரத்துக்கு வெளியே இருந்த வயலும் தோப்பும் சதுப்பும்தான். நகரம் தன் கண்ணில் படக்கூடாது என்று நினைத்தவர்களை அனுப்பிவைத்த இடமும் இதுவே. 1890இல் வீடற்ற தொழுநோயாளிகளுக்கான காப்பகம் மாட்டுங்காவில் திறக்கப்பட்டது. அன்றைய மாநகராட்சி ஆணையர் ஆக்வொர்த்தின் பெயரில், வடாலா பக்கம் அது இன்றும் மருத்துவமனையாக இருக்கிறது.

ஆறு வருஷம் கழித்து நோய் நகரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. 1896 செப்டம்பரில், துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில், டாக்டர் அகாசியோ வியேகாஸ் பிளேக்கைக் கண்டறிந்தார். காற்றும் வெளிச்சமும் நுழையாத குடியிருப்புகளில் அது பரவிய வேகத்தைப் பார்த்து மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டு ஓடினார்கள். ஆலைகள் ஆளில்லாமல் நின்றன. 1898இல் பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் என்ற அமைப்பை அரசு உண்டாக்கியது. நெரிசலை இடித்து அகலச் சாலை போடுவது அதன் முதல் வேலை. வடக்கே புது நிலத்தைக் கையகப்படுத்தி நகரத்தை விரித்துவிடுவது அடுத்தது. தாதர், மாட்டுங்கா, சயான் மனைப்பிரிவுகள் அப்படி வரையப்பட்டவை. வரைந்த உடனே வீடு எழுந்துவிடவில்லை. முதல் உலகப்போர் முடிந்த பிறகு, 1920களிலும் 30களிலும்தான் கட்டடங்கள் வரிசையாக வந்தன. கிங்ஸ்வே என்று அன்று போட்ட பெருஞ்சாலைதான் இன்றைய டாக்டர் அம்பேத்கர் சாலை. எட்ட எட்ட வீடுகள், இரண்டு பக்கமும் மரங்கள், பெரும்பாலும் தரைத்தளத்துக்கு மேல் இரண்டு மாடி. பிளேக்குக்குப் பயந்து போட்ட வரைபடத்தின் நிழலில்தான் இன்று காலையில் நான் நடந்துகொண்டிருந்தேன். நல்ல நிழல்.

ஹிந்து காலனிக்குள் திரும்பினால் சில சந்துகள் தள்ளி ராஜகிருகம். அண்ணல் அம்பேத்கர் 1930களின் தொடக்கத்தில் தனக்கென்று கட்டிக்கொண்ட வீடு. குடும்பம் வாழ எவ்வளவு இடம் வேண்டும் என்பதைவிடப் புத்தகங்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்றுதான் அவர் யோசித்திருக்க வேண்டும். ஐம்பதாயிரம் புத்தகங்கள் இங்கே இருந்ததாகச் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் பரேலில், ஆலைத் தொழிலாளர்களின் சாலில், வராந்தாவை ஒட்டிய சின்ன அறைகளில் குடும்பத்தோடு வாழ்ந்தவர் அவர். சால் என்றால் ஒரு மாடிக்கு வரிசையாக ஒற்றை அறைகள், எல்லோருக்கும் பொதுவான குழாய், பொதுவான கழிப்பறை. அங்கிருந்து, மேல்சாதிக் குடும்பங்கள் குடியேறிக்கொண்டிருந்த இந்தக் காலனிக்கு வந்து, தன் பெயரில் மனை வாங்கி, வீடு கட்டி, விளக்கெரிய எரியப் படித்திருக்கிறார். அவர் மனைவி ரமாபாய் 1935 மே மாதம் இந்த வீட்டில்தான் இறந்தார். கீழ்த்தளத்தில் அம்பேத்கருடைய நாற்காலி, படங்கள், பாத்திரங்கள் நினைவுப் பொருள்களாக இருக்கின்றன. செருப்பைக் கழற்றிவிட்டுக் குழந்தைகளோடு வந்து நின்ற குடும்பம் ஒன்று ஒவ்வொரு பொருளையும் தொடாமல், ஆனால் மிக அருகே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தது. டிரஸ்டின் மனைப்பிரிவு யாருக்கென்று போடப்பட்டதோ, அந்தக் கணக்கை மீறி உள்ளே வந்த வீடு இது. நான் அங்கே நினைத்ததைவிட அதிக நேரம் நின்றுவிட்டேன்.

பெருஞ்சாலைக்குக் கிழக்கே பார்சி காலனி. மஞ்சேர்ஜி ஜோஷி என்ற பொறியாளர் டிரஸ்டிடம் விடாமல் பேசி, நடுத்தரப் பார்சிக் குடும்பங்களுக்கென்று 103 மனைகளை ஒதுக்கி வாங்கினார். பம்பாயின் மற்ற பார்சிக் குடியிருப்புகள் மதிலுக்குள் இருப்பவை, இதற்கு மதிலில்லை. அதன் நடுவே ஐந்து தோட்டங்கள், ஃபைவ் கார்டன்ஸ். காலேஜ் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறார்கள். பக்கத்தில் வி.ஜே.டி.ஐ., ஐ.சி.டி., ரூயா, போதார், கால்சா என்று கல்லூரிகளாக இருப்பதால் இந்த வட்டாரத்துக்கு வயதாவதே இல்லை.

கிங்ஸ் சர்க்கிளுக்கு வந்ததும் நாசிக்குத் தெரிந்துவிடுகிறது. காப்பிக்கொட்டை வறுபடுகிறது. அதைத் தாண்டினால் மல்லிகை, கதம்பம், துளசி. மாட்டுங்கா ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் பூக்காரர்கள் முழம் போட்டு விற்கிறார்கள். வாழையிலைக் கட்டு, வாழைப்பூ, சேனை, சுண்டைக்காய் எல்லாம் வண்டியில் இருக்கின்றன. விற்கிறவர் மராத்தியில் விலை சொல்கிறார், வாங்குகிறவர் குஜராத்தியில் பேரம் பேசுகிறார், பூ கட்டுகிறவர் தமிழில் பேரனைத் திட்டுகிறார்.

இங்கே வந்து சேர்ந்த தமிழர்களில் பெரும்பாலானவர்கள் தஞ்சாவூர், திருநெல்வேலி, அதைவிட அதிகமாகப் பாலக்காட்டுப் பிராமணக் குடும்பத்தவர். நிலம் கைவிட்டுப்போக, ஆங்கிலமும் கணக்கும் மட்டும் கையில் இருக்க, ரயில்வேயிலும் கம்பெனிகளிலும் கிளார்க்காகவும் ஸ்டெனோவாகவும் நுழைந்தவர்கள். தனியாக வந்த இளைஞர்கள் ஒரே அறையில் நான்கைந்து பேராகத் தங்கி, சம்பளம் ஏறியதும் கல்யாணம் செய்துகொண்டு ஃபிளாட் பிடித்தார்கள். வந்த பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் அவர்கள் தங்களுக்கு வேண்டியதையெல்லாம் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். ஆஸ்திக சமாஜம் கோவிலாயிற்று. கொச்சு குருவாயூர் என்பார்கள். எம்.வி. வெங்கடேஸ்வரன் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். அதன் பள்ளிகளும் கல்லூரிகளும் இன்று மும்பை முழுவதும் இருக்கின்றன. 1952இல் தொடங்கிய ஷண்முகானந்த சபா, 1963இல் தன் அரங்கத்தைத் திறந்தது. 2,700 பேருக்கு மேல் உட்காரலாம். 1990இல் அது தீயில் எரிந்துபோனது. எட்டு வருஷம் விடாமல் உழைத்து 1998இல் மறுபடி திறந்தார்கள். சென்னையில் ஒரு சபா எரிந்திருந்தால் பக்கத்துச் சபாவுக்குப் போயிருப்பார்கள். இங்கே பக்கத்துச் சபா கிடையாது. அதனால்தான் அந்த எட்டு வருஷம்.

தெலங் ரோட்டுக்கு அருகே ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில், நண்பரின் உறவினரான மாமி இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். “வாங்கோ, இந்த ஆத்துலதான் பொறந்தேன், கல்யாணம் பண்ணிண்டு திரும்ப இதே பில்டிங்குக்கே வந்தேன்” என்றார். வட்டமாக வளைந்த பால்கனி, மொசைக் தரை, நீளமான ஜன்னல்கள். 1930களில் சிமெண்டும் கம்பியும் மலிந்தபோது எழுந்த ஆர்ட் டெகோ வீடு. தெற்கு மும்பையின் ஆர்ட் டெகோ வரிசை 2018இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அந்தப் பட்டியலில் மாட்டுங்கா இல்லை.

ஃபிளாட் என்ற வீடு அன்றைக்குப் புதிது. சாலில் பொதுவாக இருந்த குழாயும் கழிப்பறையும் இங்கே ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டன. மடி, ஆசாரம் என்று வளர்ந்த குடும்பங்களுக்குச் சமையலறையும் கழிப்பறையும் ஒரே கூரைக்குக் கீழ் இருப்பது எளிதில் செரிக்கிற விஷயமா? “அப்பா மொதல்ல ஒத்துக்கவே இல்லையாம்” என்றார் மாமி. பிறகு கொல்லைப்புறக் கதவைத் திறந்து காட்டினார். கட்டடத்தின் பின்பக்கச் சுவரை ஒட்டிச் சுழன்று ஏறும் இரும்புப் படிக்கட்டு, கழிப்பறையின் தனிக் கதவில் வந்து முடிகிறது. கழுவ வருகிறவர் அந்த வழியாக ஏறி, கழுவிவிட்டு, அந்த வழியாகவே இறங்கிவிட வேண்டும். வீட்டுக்குள் கால் வைக்க வேண்டாம். மாமி அதை மறைக்கவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை. “யார் வந்தா, அவா பேரு என்ன, ஒண்ணும் தெரியாது. கேட்டதும் இல்லே” என்றார். இப்போது அந்தப் படிக்கட்டில் துளசித் தொட்டிகள் வைத்திருக்கிறார். நவீன வீடு, நவீன நகரம், சுகாதாரம் என்றெல்லாம் பேசி எழுப்பிய கட்டடத்தில், ஊரின் பின்தெருவை ஓர் இரும்புப் படிக்கட்டாக்கி ஒட்டவைத்திருக்கிறார்கள். வெகுகாலம் நான் சுமந்திருந்த கேள்விக்கு அந்தக் கொல்லைக் கதவில் ஒரு பாதி பதில் கிடைத்தது.

மாமி கொடுத்த காப்பியைக் குடித்த பிறகும், வழக்கம் மாறாமல் கஃபே மெட்ராஸ் வாசலில் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு நின்றேன். 1940இல் தொடங்கியது. பெயரில் மெட்ராஸ் இருந்தாலும் தொடங்கியவர்கள் கன்னடக் கடற்கரைக்காரர்கள். ஸ்டேஷனுக்கு எதிரே, 1942இல் ஏ. ராமா நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங்கும் அப்படித்தான். இலை போட்டு இன்றும் வயிறாரப் போடுகிறார்கள். குடும்பம் வராத இளைஞர்களுக்கு அந்த நாளில் இத்தகைய சாப்பாட்டுக் கடைகள்தான் வீடு. உடுப்பிக்காரர் சமைக்க, பாலக்காட்டுக்காரர் சாப்பிட, ஆந்திராக்காரர் பக்கத்து இலையில் உட்கார, ஊரில் தனித்தனியாக இருந்தவர்கள் இங்கே ஒரே ஜனமானார்கள். வெளியே இருந்து பார்த்தவர்களுக்கோ எல்லோரும் மதராசிகள்.

அந்தப் பெயருக்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 1960இல் மகாராஷ்டிரம் தனி மாநிலமானது. அதே வருஷம் பால் தாக்கரே தொடங்கிய ‘மார்மிக்’ வார இதழ், அலுவலகங்களில் உயர்பதவியில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டது. 1966 ஜூனில் சிவசேனை பிறந்தது. மண்ணின் மைந்தர்களுக்கு வேலையில்லை, வந்தவர்களுக்கு இருக்கிறது என்ற கோபம் உடுப்பி ஓட்டல்களின் கண்ணாடியில் இறங்கியது. வேலையில்லாத மராத்தி இளைஞனின் மனக்குறை உண்மையானது. அதை ஓட்டல் தொழிலாளியின்மேல் திருப்பிவிட்டது பெரிய அநியாயம். மாமியின் வீட்டுக்காரர் அந்த நாட்களில் வேட்டியை அலுவலகப் பையில் மடித்துவைத்துக்கொண்டு பேண்ட் போட்டுப் போவாராம், கோவிலுக்குப் போகும்போதுகூட.

இப்போது மாட்டுங்காவில் தமிழ் குறைந்துவிட்டது. பிள்ளைகள் செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி, நவி மும்பை என்று போய், அவர்களின் பிள்ளைகள் அமெரிக்கா போய்விட்டார்கள். கட்ச்சிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்த வியாபாரக் குடும்பங்கள் பெருகியிருக்கின்றன. கஃபே வாசலில் என்னோடு காத்திருந்த பெரிய குடும்பம், ஞாயிறுதோறும் ரச இட்லிக்கு வருகிற குஜராத்திகள். எனக்கு அதில் வருத்தமில்லை. எனக்குக் கவலை கட்டடங்களைப் பற்றித்தான். மாமியின் வீடு ‘பகடி’: ஆரம்பத்தில் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நிழலில் தலைமுறை தலைமுறையாகப் பழைய வாடகையில் இருப்பது. அந்த வாடகையில் கட்டட உரிமையாளரால் வெள்ளையடிக்கக்கூட முடியாது. கூரை ஒழுகும், பால்கனிக் கம்பி துருப்பிடித்து வெளியே தெரியும், கடைசியில் பில்டர் வருவார். தெருவில் பல இடங்களில் பச்சை வலை போர்த்திய கோபுரங்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. மூன்று தளத்துக்குப் போட்ட தெருவில் முப்பது தளம். டிரஸ்ட் வழிவிட்டு வைத்த காற்றும் வெளிச்சமும் இப்போது உயரத்தில் விற்பனைக்கு இருக்கின்றன.

மாட்டுங்கா ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவரிலிருந்து நிலைய அதிகாரிவரை பெண்கள்; 2017இலிருந்து அப்படி. அந்த ஸ்டேஷன் வாசலில்தான் வரதராஜ முதலியார் பிள்ளையார் சதுர்த்திக்குப் பந்தல் போடுவார். வி.டி. ஸ்டேஷனில் கூலியாக மூட்டை தூக்கத் தொடங்கி, கள்ளச்சாராயத்திலும் கடத்தலிலும் பெரிய ஆளானவர். சினிமா நட்சத்திரங்கள் வரிசையில் நின்ற பந்தல் அது. 1980களில் போலீஸ் இறுக்கிப் பிடிக்கப் பந்தல் சுருங்கியது. அவர் சென்னைக்குப் போய் 1988இல் இறந்தார். ‘நாயகன்’ படத்தின் மூலம் தமிழ்நாட்டுக்குத் தெரிந்தது அந்தக் கதை. இங்குள்ளவர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள், பாசமா பயமா என்று பிரித்தறிய முடியவில்லை. அந்தப் பந்தலில் மட்டும் மாட்டுங்காத் தமிழரும் தாராவித் தமிழரும் ஒரே வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

தண்டவாளங்களைத் தாண்டி மேற்கே போக ஒரு நடைமேம்பாலம் இருக்கிறது. வளைந்து வளைந்து போவதால் இசட் பிரிட்ஜ் என்கிறார்கள். கீழே 1915இலிருந்து இயங்கும் ரயில்வே பணிமனையின் நீளக் கூரைகள். ஒரு பக்கம் மத்திய ரயில்வே, மறுபக்கம் மேற்கு ரயில்வே. இரண்டு பாதைகளும் வடக்கே போகப் போக விலகி நடுவே ஒரு முக்கோணத்தை விடுகின்றன. அந்த முக்கோணத்தில், மித்தி ஆற்றங்கரைச் சதுப்பில்தான் தாராவி. பாலத்திலிருந்து இறங்கி வடக்கே நடந்து, லேபர் கேம்பைக் கடந்து தொண்ணூறு அடி ரோட்டை அடைய வெகுநேரம் ஆகவில்லை. ஒரு வெற்றிலை போட்டு மென்று முடிக்கிற தூரம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

டிரஸ்டின் வரைபடத்தில் தாராவிக்கு மரமும் தோட்டமும் ஒதுக்கப்படவில்லை. ஆதியில் இங்கே இருந்தவர்கள் கோலி மீனவர்கள். கோலிவாடா இன்றும் உண்டு. சௌராஷ்டிரத்துக் குயவர்கள் கும்பர்வாடாவில் சூளை போட்டார்கள். நாற்றமடிக்கிற தொழில் என்று நகரம் தள்ளிவைத்த தோல் பதனிடும் கொட்டகைகள் இங்கே வந்தன. அவற்றை நடத்தவும் அவற்றில் வேலை செய்யவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் வந்தார்கள். சதுப்பில் குப்பையும் மண்ணும் கொட்டி, மிதித்து இறுக்கி, அந்தத் தரையின்மேல் வீடு கட்டிக்கொண்டது அவர்கள்தான். மாட்டுங்காவின் தரையை அரசு மேடாக்கிக் கொடுத்தது. தாராவியின் தரையை அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் கையால் மேடாக்கினார்கள். கணக்குப் பார்க்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காமராஜர் பெயரில் பள்ளி நடக்கிறது. பொங்கலன்று தெருவில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பெண்கள் பானை வைக்கிறார்கள். இரண்டரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில் தோல் பை, மண்பானை, பழைய பிளாஸ்டிக், முறுக்கு, தையல் எல்லாம் நடக்கின்றன.

தெரிந்தவர் ஒருவர் அழைத்துப்போன சந்தில், மாலை நேரத்தில் கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. மும்பைத் தெருக்களில் காலையில் அலுமினிய அண்டாவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, பாம் பாம் என்று ஹாரனை அழுத்திக்கொண்டு போகும் இட்லிக்காரர்களில் நிறையப் பேர் இங்கிருந்து புறப்படுகிறவர்கள். மாவை மாலையில் அரைத்து வைத்து, விடிய மூன்று மணிக்கு அடுப்பு மூட்டி, ஈடு ஈடாக அவித்து எடுப்பார்கள். கஃபேயில் நான் வரிசையில் நின்று தின்றதும் இட்லிதான், பம்பாய்க்காரர்கள் அதிகமாகத் தின்பது இந்தச் சந்தில் வெந்த இட்லிதான்.

மாவு அரைத்துக்கொண்டிருந்த அக்கா சங்கரன்கோவில் பக்கம். “நெல்லையா அண்ணாச்சி? உள்ள வாங்க, செருப்போடயே வாங்க, தரை ஈரமாக் கெடக்கு” என்றார். கீழே ஒரு அறை, ஏணி வைத்து ஏறினால் மேலே இன்னொரு அறை. மேலறையில் சைக்கிளில் இட்லி கொண்டுபோகும் பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள்.

பேச்சு தானாகவே தாராவித் திட்டத்துக்கு வந்தது. 2022இல் அதானி குழுமம் ஏலத்தில் எடுத்த மறுசீரமைப்புத் திட்டத்துக்காக வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டுக்கு முன்பே தரைத்தளத்தில் இருந்ததாக நிரூபிக்கிறவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. பிறகு வந்தவர்களுக்கும் மேல்தளத்தில் இருப்பவர்களுக்கும் வேறெங்காவது. அக்காவிடம் பழைய ரேஷன் கார்டும் மின்சார பில்லும் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருக்கின்றன. அவருக்கு வீடு கிடைத்துவிடும் போலிருக்கிறது.

“வேண்டாம்னு நான் சொல்லல அண்ணாச்சி” என்றார். “பொதுக் கக்கூஸ்ல கியூவுல நின்னே என் பாதி வயசு போச்சு. உள்ளயே கக்கூஸ் வச்ச வீடு கெடைச்சா எம் மவளுக்கு நல்லதுதான். ஆனா விடிய மூணு மணிக்குப் பதினாலாவது மாடில அடுப்பப் பத்த வச்சா பக்கத்து வீட்டுக்காரன் விடுவானா? அண்டாவ லிஃப்ட்ல ஏத்த விடுவானா? மேல இருக்கிற பயலுவளுக்கு இங்க எடம் இல்லைங்கான். அவனுவள எங்கயோ கொண்டு போட்டா, இட்லி எடுக்க நாலு மணிக்கு எந்த ரயிலப் புடிச்சு வருவானுவ? இத அந்தக் கணக்கெடுக்க வந்த புள்ளைகிட்டக் கேட்டேன். எழுதிக்கிறேன்னுச்சு. அந்தத் தாள்ல இத எழுத எடம் இருந்த மாதிரி தெரியல.”

மேலிருந்து ஒரு பையன் ஏணியில் பாதி இறங்கி நின்று கேட்டுக்கொண்டிருந்தான். நாளைக்கு எத்தனை அண்டா என்று அக்காவிடம் கேட்டான். மூன்று என்றார்; மாட்டுங்கா பக்கம் ஒரு கல்லூரி வாசலில் பரீட்சை நடக்கிறதாம், அங்கே கூடுதலாக ஒன்று போகுமாம்.